கம்பளத்தின்மேல் எழுந்த புகழ்: ஹியூபர்ட் ஸெஸில் பூத் சரிதம்

பெரும் புகழ் படைத்தோருடைய சரிதங்களிற் பல போர்க்களத்திலேனும் அரச சபையிலேனும் நிகழ்ந்தனவாக இருப்பது வழக்கம். நாம் இம்முறை எடுத்துக்கொண்ட சரிதமோ, வீட்டுத் தரையில் விரித்த கம்பளத்தின்மேல் நிகழ்ந்தது. தூசி என்பது எல்லா வீடுகளிலும் நாடோறும் படிந்து, நாடோறும் பெருக்கப்பட்டு, மறுநாளும் அவ்வாறே படிந்து கிடக்கும் பொருளாதலின், அதனைப்பற்றி ஆராயத்தக்கது ஒன்றுண்டென்று கற்றோர் பெரும்பாலும் எண்ணுவதில்லை. அவ்வாறு எண்ணிய ஒருவர் ஹியூபர்ட் ஸெஸில் பூத் என்னும் ஆங்கில எஞ்சினியர். இன்று கடைக்குச் சென்று, வாக்யூம் கிளீனர் என வழங்கும் தூசியுறிஞ்சும் யந்திரங்களுள் எதனை வாங்குவதென்று திகைத்து நிற்போர் பலர். அவர்கள் கேட்கவேண்டிய வினாக்களிற் பெரும்பாலானவை இவருடைய வாழ்நாளிலேயே ஒவ்வொன்றாக எழுந்துவிட்டன. ஆதலின் இவர் சரிதத்தை நம் கல்லூரி நண்பர்கள் அறிந்திருத்தல் நலமென்று கருதுகிறோம். பூத் என்றவுடனே இரட்சணிய சேனையை நிறுவிய ஜெனரல் வில்லியம் பூத் சிலருக்கு நினைவில் வரலாம். நாம் கூறப்போகிறவர் அவரல்லர்.

பூத் 1871-ம் ஆண்டு ஜூலை மாதம் 4-ந் தேதி, இங்கிலாந்தின் மேற்குப் பாகத்திலுள்ள கிளாஸ்டர் நகரத்தில் பிறந்தார். தந்தையார் மரவியாபாரி. பள்ளிக்கல்வியை அவ்வூரிலேயே முடித்துக்கொண்டு, 1889-ல் லண்டன் மாநகரையடைந்து, ஸௌத் கென்ஸிங்டனிலிருந்த மத்தியத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தார். அங்கே எஞ்சினியரிங் துறையில் அக்காலத்திற் பெயர்பெற்று விளங்கிய பேராசிரியர் அன்வின் என்பாரிடம் மூன்றாண்டுகள் பயின்று தேறினார். 1892-ம் ஆண்டின் இறுதியில், லாம்பெத்திலிருந்த மாட்ஸ்லே கம்பெனியிற் படம் வரைவோராக அமர்ந்தார். கப்பல் யந்திரங்கள் செய்வதில் அக்கம்பெனி நெடுநாளாகக் கீர்த்தி வாய்ந்தது. நம் இளைஞர் அங்கே ஆங்கிலக் கடற்படையின் போர்க்கப்பல்களுக்குரிய யந்திரங்களை வரையும் வேலையில் ஈடுபட்டார்.

அக்கம்பெனியின் டைரக்டர்களுள் ஒருவரான பாஸெட் என்பவருக்குப் பெரிய இராட்டினங்கள் அமைப்பதில் அளவிறந்த ஆர்வமிருந்தது. 1893-ல் அமெரிக்காவில் சிக்காகோ நகரத்துக் கண்காட்சியில் பெர்ரிஸ் என்பவர் நாட்டிய மாபெரும் இராட்டினத்தைப் பார்த்து உலகமே வியந்திருந்த சமயம் அது. பாஸெட், பூத்தின் திறமையை அறிந்து அவரைத் தம் வேலைக்குத் தெரிந்தெடுத்துக்கொண்டார். லண்டனில் எர்ல்ஸ் கோர்ட்டிலும், பிளாக்பூலிலும், வியன்னாவிலும், பாரிஸிலும் எழுந்த பெரிய இராட்டினங்கள் பூத்தின் உழைப்பால் உருவாயின. அவற்றுள் மூன்று பிற்காலத்தில் பிரித்தெறியப்பட்டன. 1897-ல் எழுந்த வியன்னா இராட்டினம் மாத்திரம், ஏறக்குறைய 212 அடி உயரத்தோடு, இரண்டாம் உலக யுத்தத்தில் தீக்கிரையாகிப் பின்னர்ப் புதுப்பிக்கப்பெற்று, இன்றும் சுழன்றுகொண்டிருக்கின்றது. ஸ்காத்லாந்தில் ஏதிவ் என்னும் கடற்கழியின்மேல் அமைந்து 1903-ல் திறக்கப்பட்ட கானல் இரும்புப் பாலத்தை எழுப்பும் வேலையையும் பூத் மேற்பார்த்தார். இத்தகைய ஒருவர் தம் பெயர் நிலைபெறப் பாலமும் இராட்டினமும் போதுமென்று இருந்திருக்கலாம். அவர் புகழுக்கோ வேறொரு வழி காத்திருந்தது.

அக்காலத்து மேனாட்டு வீடுகளின் நிலையை நாம் சிறிது அறிந்துகொள்ளவேண்டும். குளிர்நாடாதலின் தரைமுழுதும் கம்பளம், நாற்காலிகளுக்கெல்லாம் மெத்தை, சன்னல்களுக்குக் கனத்த திரைகள், நிலக்கரி எரியும் அடுப்பு அறைக்கு ஒன்று. கரியும் புழுதியும் கம்பளத்தின் வேர்வரையில் இறங்கிவிடும். துடைப்பத்தாற் பெருக்கினால் மேலுள்ளது எழும்பி, அறைமுழுதும் சுற்றி, அரைமணி நேரத்தில் மறுபடியும் கீழே படியும். ஆண்டுக்கொருமுறை கம்பளங்களைச் சுருட்டி முற்றத்திற் கொணர்ந்து, கொடியில் தொங்கவிட்டுப் பிரம்பால் அடிப்பார்கள். அடிக்கிற வேலைக்காரரின் மூக்கிலும் நெஞ்சிலும் போய்ச்சேர்ந்த தூசிக்குக் கணக்கு வைத்தவர் யாருமில்லை. இக்குறையை நீக்கப் பலர் முயன்றனர். அமெரிக்காவில் 1860-ல் ஹெஸ் என்பவரும், 1869-ல் மக்காபி என்பவரும் காற்றைக்கொண்டு பெருக்கும் கையந்திரங்களுக்கு உரிமைப் பத்திரம் பெற்றனர். 1876-ல் பிஸெல் என்பவர் உருளும் தூரிகைப் பெட்டியொன்றை அமைத்தார். பிஸெலின் பெட்டி நன்றாக விற்றது. ஆயினும் அதுவும் மேற்றூசியை வாரியதேயன்றி உட்டூசியை எடுக்கவில்லை.

1901-ம் ஆண்டில் லண்டனில் எம்பயர் நாடகசாலையில் ஓர் அமெரிக்கர் தாம் கண்டுபிடித்த யந்திரமொன்றை நடத்திக் காட்டினார். அது அழுத்தப்பட்ட காற்றைக் கம்பளத்தின்மேல் இருபுறமிருந்தும் பாய்ச்சி, எழும் தூசியை மேலிருந்த பெட்டிக்குள் செலுத்த முயன்றது. பார்க்க வந்திருந்தவர்களுள் பூத்தும் ஒருவர். பெட்டிக்குட் புகுந்ததைவிட வெளியே பறந்த தூசியே அதிகமாயிருந்தது. காற்றை ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினாலென்னவென்று பூத் அவரிடம் கேட்டார். அவருக்குக் கோபம் வந்தது. அது ஆகாத காரியம், பலர் முயன்று கைவிட்டது என்று சொல்லிப் போய்விட்டார். ஆகாதென்று ஒருவர் சொன்னால் ஏன் ஆகாதென்று பார்க்கும் இயல்பு எஞ்சினியருக்கு வேண்டும். அவ்வியல்பு பூத்தினிடம் நிறைந்திருந்தது. சில நாட்கள் அவர் இதனையே எண்ணிக்கொண்டிருந்தார். பின்பு விக்டோரியா வீதியிலிருந்த உணவுவிடுதியொன்றில், மெத்தை வைத்த ஆசனத்தின்மேல் வாயை வைத்துத் தம் முழு மூச்சோடும் உறிஞ்சினார். தூசி தொண்டையிற் புகுந்து மூச்சுத் திணறியது. வேறொரு சமயம் கைக்குட்டையை இடையில் வைத்து இவ்வாறே உறிஞ்ச, குட்டையின் அடிப்புறத்தில் தூசி கரிய வட்டமாக ஒட்டிக்கொண்டது. அருகிலிருந்தோர் என்ன நினைத்தனரோ நாம் அறியோம். பூத்துக்கு வேண்டிய சான்று அந்தக் கைக்குட்டையில் இருந்தது.

இவ்விடத்தில் நம் வாசகர் சற்று நிற்கவேண்டும். பலர் நினைப்பதுபோல் இவ்யந்திரத்தின் உயிர் உறிஞ்சுதலில் மாத்திரம் இல்லை, கைக்குட்டையிலும் உள்ளது. யந்திரத்தினுள் காற்றழுத்தம் குறைந்தால், வெளியிலுள்ள காற்று அக்குறையை நிரப்பவேண்டி விரைந்து உட்புகும். புகும்போது கம்பளத்தின் இழைகளூடே சென்று, வழியிலுள்ள தூசியை வாரிக்கொண்டு போகும். இது எளிதில் விளங்கும். ஆனால் உட்புகுந்த காற்று வெளியேறியே தீரவேண்டும். வெளியேறுகையில் தூசியையும் உடன்கொண்டு சென்றால், துடைப்பத்துக்கும் யந்திரத்துக்கும் பேதம் யாது? காற்றை விட்டுத் தூசியை நிறுத்தும் வடிகட்டி இல்லையேல் யந்திரமே வீண். பூத் தாம் அமைத்த யந்திரத்தில் பம்பையும், தூசியை நிறுத்தும் துணிவடிகட்டியையும் ஒன்றாக இணைத்தார். 1901-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30-ந் தேதி அதற்கு உரிமைப் பத்திரம் கோரினார். அவருக்கு அப்பொழுது வயது முப்பது.

முதல் யந்திரம் வீட்டுக்குள் நுழையத்தக்க அளவினதன்று. பெட்ரோல் எஞ்சின் ஒன்றும், பிஸ்டன் பம்பு ஒன்றும், பெரிய வடிகட்டும் பெட்டியும் ஒரு வண்டியில் ஏற்றப்பட்டு, செந்நிறம் பூசப்பட்டு, குதிரையால் இழுக்கப்பட்டு வீதியில் வந்து நிற்கும். ஆட்கள் நீண்ட குழாய்களைச் சன்னல் வழியாக உள்ளே செலுத்திக் கம்பளத்தையும் திரையையும் மெத்தையையும் சுத்தஞ் செய்வார்கள். யந்திரத்தை விற்பதைவிட வாடகைக்குத் தொழில் செய்வதே உசிதமென்று கண்டு, பூத் 1902-ல் பிரிட்டிஷ் வாக்யூம் கிளீனர் கம்பெனியை ஏற்படுத்தினார். வாக்யூம் கிளீனர் என்ற பெயரை வழக்கிற் கொணர்ந்தவரும் அவரே. ஜனங்களோ அவ்வண்டிக்குப் புகைவிடும் பில்லி எனப் பொருள்படும் செல்லப்பெயரிட்டனர்.

தொல்லைகள் குறைவில்லை. எஞ்சினின் பேரிரைச்சலால் வாடகைக் குதிரைகள் மிரண்டோடின. நஷ்டஈடு கேட்டு வழக்குகள் வந்தன. பொது வீதியில் வண்டியை நிறுத்தித் தொழில் செய்ய உரிமையில்லையென்று போலீஸார் தடுத்தனர். மறுபக்கம், செல்வச் சீமாட்டிகள் சிலர் இவ்வண்டியை வரவழைத்து, அதே நாளில் தோழியரைத் தேநீர் விருந்துக்கும் அழைப்பாராயினர். குழாயின் ஒரு பகுதி கண்ணாடிபோல் உள்ளே தெரியும்படி செய்யப்பட்டிருந்தது. தங்கள் வீட்டுத் தூசி அதனூடே ஓடுவதை விருந்தினர் வியந்து நோக்குவர். தன் வீட்டு அழுக்கைப் பிறருக்குக் காட்டிப் பெருமை கொண்ட காலம் இதற்கு முன்னும் பின்னும் இருந்திராதென்று நினைக்கிறோம். ஆயினும் பூத் அக்குழாயை வேடிக்கைக்காக மாத்திரம் வைக்கவில்லை. சுத்தமாயிருப்பதாக எண்ணிய கம்பளத்தில் எத்துணைப் புழுதி இருந்ததென்பதைச் சொல்லால் நம்பவைப்பது அரிது. கண்ணாற் கண்டால் நம்பாதிருப்பது அரிது.

1902-ல் ஏழாம் எட்வர்டு மன்னருடைய முடிசூட்டுவிழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் சிங்காதனங்களின் கீழே விரித்திருந்த பெரிய நீலக் கம்பளத்தைச் சுத்தஞ்செய்யும் வேலை இக்கம்பெனிக்குக் கிடைத்தது. மன்னரும் அரசியும் இதனைக் கேள்வியுற்று, பக்கிங்ஹாம் அரண்மனையில் யந்திரத்தை நடத்திக் காட்டச் செய்து மகிழ்ந்து, அங்கும் வின்ட்ஸர் கோட்டையிலும் யந்திரங்களை அமைக்கச் செய்தனர். அதன்பின் போலீஸ் தடையும் குதிரை வழக்கும் பூத்தின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. நாடகசாலைகள், பெருங்கடைகள், ஹோட்டல்கள் யாவும் செவ்வண்டியை அழைத்தன.

எனினும் நமது அபிப்பிராயத்தில் அவர் செய்த சிறந்த வேலை அரண்மனையிலன்று. கிரிஸ்டல் பாலஸ் என்னும் கண்ணாடி மாளிகையிற் செய்ததாகும். முதல் உலக யுத்த காலத்தில் அம்மாளிகை கடற்படை வீரர்கள் தங்குமிடமாயிருந்தது. அவர்களுக்குள் கொடிய காய்ச்சல் பரவவே, மேலேயுள்ள இரும்பு உத்திரங்களில் பல்லாண்டாகச் சேர்ந்த தூசியும் அதற்குக் காரணமாகலாமென்று ஐயுற்றனர். பூத்தின் யந்திரங்கள் பதினைந்து அங்கே கொண்டுவரப்பட்டு, 26 டன் தூசியை அகற்றின. யானையொன்றின் நிறை நான்கைந்து டன் என்று கொண்டால், ஐந்து யானைகளின் பாரத்துக்குக் குறையாத தூசி அவ்வீரர்களின் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்ததென்று அறியலாம். தூசி அழகுக்குக் கேடு என்பதைவிட உடலுக்குக் கேடு என்பதே இவ்யந்திரத்தின் முதன்மையான நியாயம். அதனைத் தேநீர் விருந்துகள் மறைத்துவிட்டன.

பூத்தின் வாழ்க்கையில் இரண்டு இழப்புகள் உண்டு. முதலாவது, பெயர். போட்டிக் கம்பெனியொன்று தன் பெயரில் வாக்யூம் கிளீனர் என்னும் சொற்களைச் சேர்த்துக்கொள்ள, பூத்தின் கம்பெனி வழக்குத் தொடுத்தது. 1907-ல் நியாயஸ்தலம், அச்சொற்கள் யந்திரத்தின் தன்மையைக் கூறுவனவேயன்றி ஒருவருக்கு உரியன அல்லவென்று முடிவுசெய்தது. தாம் வழக்கிற் கொணர்ந்த சொல் அவர் கையை விட்டுப் பொதுவுடைமையாயிற்று. இரண்டாவது இழப்பு அதனினும் பெரிது. அதனைக் கூற நாம் அட்லாண்டிக் கடலைக் கடக்கவேண்டும்.

அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்துக் கான்டன் என்னும் ஊரில் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர் என்றொருவர் இருந்தார். 1848-ல் பிறந்த அவர், வயது அறுபதை நெருங்குகையில் ஒரு கடையைப் பெருக்கும் வேலையிலிருந்தார். அவருக்குக் காசநோய் போன்றதன்று, மூச்சிரைப்பு நோய் இருந்தது; ஆஸ்த்மா என்பர். கம்பளம் பெருக்கும் பெட்டியிலிருந்து எழும் தூசி அவர் மூச்சை அடைத்தது. வேலையை விட்டாற் பிழைப்பில்லை, விடாவிட்டால் மூச்சில்லை. அவர் ஒரு மின்விசிறி மோட்டாரை எடுத்துச் சவர்க்காரப் பெட்டியொன்றிற் பொருத்தி, துடைப்பக் கழியைக் கைப்பிடியாக வைத்து, தலையணை உறையைத் தூசிப்பையாகக் கட்டினார். முன்புறத்திற் சுழலும் தூரிகையும் அமைத்தார். 1908-ம் ஆண்டு ஜூன் மாதம் 2-ந் தேதி உரிமைப் பத்திரம் கிடைத்தது. பணமில்லாமையால் அதனைத் தோற்பொருள் வியாபாரியான வில்லியம் ஹூவர் என்பவருக்கு விற்றார். ஹூவர் பத்திரிகையில் விளம்பரஞ் செய்து, பத்துநாள் இலவசமாக வீட்டில் வைத்துப் பார்க்கலாமென்று அறிவித்து, யந்திரத்தை வீடுதோறும் புகுத்தினார். ஸ்பாங்ளர் 1915-ல் காலமானார். ஆங்கில நாட்டிலேயே இன்று இவ்யந்திரத்தாற் பெருக்குவதை ஹூவர் செய்தல் என்று வழங்குகின்றனர். பூத்தின் பெயரை அவர் நாட்டாரே மறந்து, உரிமையை வாங்கிய வியாபாரியின் பெயரை வினைச்சொல்லாக ஆக்கிவிட்டனர்!

இதற்குப் பூத்தின்மேற் குறை கூறலாமா? அவர் 1901-ல் யந்திரம் அமைத்தபோது மின்சாரம் வந்த வீடுகள் மிகச் சில. சிறு மோட்டார்கள் விலையேறியவை. பெரிய பம்பை வீதியில் நிறுத்துவதன்றி வேறு வழி அவருக்கில்லை. எனினும் அவர் நோக்கம் மாளிகையைப் பற்றியிருந்ததென்பதும், ஸ்பாங்ளரின் நோக்கம் தன் மூச்சைப் பற்றியிருந்ததென்பதும் உண்மை. துடைப்பத்தைத் தானே பிடித்தவன் கையில் உருவான யந்திரம் வீட்டுக்கு ஏற்றதாயிருந்தது வியப்பன்று.

இனி, யந்திரம் வாங்க நினைப்போருக்கு இச்சரிதத்திலிருந்து நாம் எடுத்துக் காட்டக்கூடியவை சில. முதலில் பூத்தின் கைக்குட்டையை நினைக்கவேண்டும். யந்திரம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கேட்பதற்கு முன், வெளிவிடும் காற்று எத்தன்மையது என்று கேட்கவேண்டும். ஹெப்பா என வழங்கும் நுண்வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் நூற்றுக்கு 99.97 பங்கைத் தடுக்கவல்லது. ஆயினும் யந்திரத்தின் மூட்டுகளில் இடுக்கு இருந்தால் காற்று வடிகட்டியை விட்டு இடுக்கின் வழியே போய்விடும். வீட்டில் மூச்சிரைப்பு நோயுடையார் இருந்தால், தூசியைத் தொட்டியிற் சேர்த்துக் கவிழ்க்கும் யந்திரத்தைவிட, மூடியபடியே எறியும் பையுடைய யந்திரமே மேலானது. ஏனெனில் நாளெல்லாம் பிடித்த தூசியைக் கவிழ்க்கும் ஒரு நொடியில் முகத்தில் வாங்கிக்கொள்ள நேரிடும். பையில்லா யந்திரத்தில் வேறு நலமுண்டு. ஜேம்ஸ் டைஸன் என்னும் ஆங்கிலேயர், பை நிரம்ப நிரம்ப உறிஞ்சும் வலி குறைவதைக் கண்டு, காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் முறையை 5,127 மாதிரிகள் செய்து பார்த்துச் சீர்ப்படுத்தினார். 1993-ல் தம் பெயரால் யந்திரம் வெளியிட்டார்.

வாட் என்னும் எண்ணைப் பார்த்து மயங்குவோர் மிகப் பலர். அது யந்திரம் உண்ணும் மின்சாரத்தின் அளவேயன்றி, செய்யும் வேலையின் அளவன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் 1600 வாட்டுக்கு மேற்பட்ட வீட்டு யந்திரங்களையும், 2017-ல் 900 வாட்டுக்கு மேற்பட்டவற்றையும் விற்பனைக்கு வரவொட்டாமல் தடுத்தது. அதனால் அந்நாட்டு வீடுகள் புழுதியில் ஆழ்ந்துவிடவில்லை. குழாயும் வாய்ப்பகுதியும் நன்கமைந்தால் சிறு மோட்டாரே போதும்.

நம் நாட்டவர் மற்றொன்றையும் கருதவேண்டும். இவ்யந்திரம் கம்பளத்துக்காகப் பிறந்தது. நம் வீடுகளிலோ சிமெண்டும் மொஸைக்கும் ஓடும் பதித்த தரையே மிகுதி. அதனைத் துடைப்பமும் ஈரத்துணியும் செம்மையாகக் காக்கின்றன. 1982-ல் தொடங்கிய யுரேகா போர்ப்ஸ் கம்பெனியின் ஆட்கள் இந்திய நகரங்களில் வீடுவீடாகச் சென்று யந்திரத்தை இயக்கிக் காட்டினர். அவர்கள் பெரிதும் மெத்தையின்மேலும் சோபாவின்மேலும் காட்டியது காரணத்தோடுதான். நமக்கு இதன் பயன் மெத்தை, திரை, புத்தக அலமாரி, மின்விசிறி இறகு, கட்டிலின் அடிப்புறம் ஆகியவற்றில்தான் அதிகம். ஆகவே, சுழலும் தூரிகைக்குப் பணங்கொடுப்பதைவிட, நீண்டு மெலிந்த மூக்கும் இலேசான உடலும் உடையதைத் தேடுவது புத்தி. மாடிக்குத் தூக்க இயலாத யந்திரம் மூலையிற் கிடக்கும். சாதாரண யந்திரத்தால் தண்ணீரை உறிஞ்சலாகாது. மோட்டார் கெடும், அபாயமும் நேரும். மின்கம்பியில்லாத பாட்டரி யந்திரங்கள் எளிதிற் கையாளத்தக்கனவே. ஆனால் பாட்டரி ஆண்டுதோறும் வலுக்குன்றும், மாற்றுப் பாட்டரி கிடைக்குமா என்று வாங்கும் நாளிலேயே கேட்டுவிடவேண்டும். இரைச்சலைப்பற்றி நாம் மிகுதியாகச் சொல்வதற்கில்லை. லண்டன் குதிரைகள் சொல்லிவிட்டன.

பூத் தம் கம்பெனியை நெடுங்காலம் நடத்தினார். வீட்டுக்குரிய சிறு யந்திரங்களையும் அக்கம்பெனி பின்னர்ச் செய்தது. காப்லின் என்ற பெயரில் அவை இங்கிலாந்தில் பல வீடுகளுக்குச் சென்றன. முதுமையில், 1930-களின் நடுவில், எஞ்சினியரிங் வரலாற்றை ஆராயும் நியூகாமன் சங்கத்துக்காகத் தூசியுறிஞ்சும் யந்திரம் தோன்றிய வரலாற்றைத் தாமே எழுதி அளித்தார். நாடகசாலையும் உணவுவிடுதியும் கைக்குட்டையும் நமக்குத் தெரியவந்தது அவ்வெழுத்தினாலேயே. 1955-ம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ந் தேதி, தமது எண்பத்து நான்காம் பிராயத்தில், குராய்டன் நகரில் அவர் காலமானார். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் கிறிஸ்துமஸுக்காகச் சுத்தஞ் செய்யப்பட்ட ஆங்கில வீடுகளுள் எத்தனையோ வீடுகளில் யந்திரத்தின் மேல் ஹூவர் என்றே எழுதியிருந்திருக்கும்.